ஒரு துளைக்கு மூன்று சாமான்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவுக்கு ஓர் எடைமேடையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள்.
2. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ கிடையாது. வீட்டில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் இருந்தது. அதில் பிரேக் இல்லை, மட்கார்டு இல்லை, லைட் இல்லை.
3. மூன்றும் மாட்டினால்தான் ரோட்டில் ஏறலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.
4. சித்தப்பா ஒரு கோணிப்பையில் மூன்றையும் கொண்டுவந்தார். மூன்றும் பழையவை.
5. சனிக்கிழமை அம்மாவும் நானும் அவற்றை மாட்டினோம். பிரேக் நன்றாகப் பிடித்தது.
6. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவே பார்த்துக்கொண்டிருந்தபோது, பிடிக்கவில்லை.
7. அதற்குக் காரணம் நான்.

எடைமேடை என்பது லாரிகளை எடை போடுகிற இடம். மணலி ரோட்டில் அப்படிப் பல உண்டு. சரக்கோடு வரும் டிரெய்லர் ஓர் இரும்புத் தளத்தின் மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவர் வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அந்த அறையின் நாற்காலிதான் அம்மாவுக்குக் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பையும் டைப்ரைட்டிங் லோயரையும் முடித்துவிட்டு, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தவள் அவள். செய்தி வந்த வியாழக்கிழமை அதை எனக்கு மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

அப்பாவிடம் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். விம்கோ நகரில் அப்போது நாங்கள் இருந்தது ஒரே அறை வீடு. சொல்வதற்கு வேறு இடமும் கிடையாது.

"திங்கக்கெழம ஆறு மணிக்கு சீட்ல குந்தணும். வரலன்னா வேற பொண்ணு ரெடியா கீதாம்."

"எப்டிப் போவே?"

"சைக்கிள்லதான்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. இடது கையை நீட்டி விரல்களை மடக்கினார். "பிரேக்கு இல்ல. மட்கார்டு இல்ல. லைட்டு இல்ல. டிரெய்லருக்காரன் இன்னா, உன்னப் பாத்துகினா வண்டி ஓட்றான்?"

"மூணும் மாட்டிட்டா?"

"மாட்டிட்டு ஓட்டிக் காட்டு. நானு தெருமுனைல நிக்கிறேன். என்கிட்ட வந்து நிறுத்து. நின்னா போய்க்கோ."

அம்மா மீஞ்சூரில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போய் வந்தவள். ஓட்டுவதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. மூன்று சாமான்களும் எங்கே கிடைக்கும் என்பதுதான் கவலை. சைக்கிளே எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. தண்ணி லாரி வரும் நாளில் இரண்டு பக்கமும் குடங்களைத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவதற்கு மட்டும்தான் அது பயன்பட்டது. தள்ளுகிற வண்டிக்குப் பிரேக் எதற்கு? அதனால் யாரும் மாட்டவில்லை.

சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோணிப்பையோடு வந்தார். எந்த நாட்டுக் கப்பல்காரனோ ஒருவன் தன் சைக்கிளைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டானாம். பிரேம் வளைந்துபோனதால் அதை யாரும் சீண்டவில்லை, கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து கழற்றியவை: முன் பின் பிரேக் இரண்டு, ஹேண்டில்பாரில் மாட்டும் பிடிகள் இரண்டு, மட்கார்டு ஒரு ஜோடி, டயரில் உரசிச் சுற்றும் டைனமோ ஒன்று, அதோடு ஒயரில் தொங்கிக்கொண்டு ஒரு லைட்.

"அண்ணி, இது பாரின் பிரேக்கு. இத புடிச்சா கப்பலே நிக்கும்" என்றார்.

"கப்பல்ல ஏது பிரேக்கு?" என்று கேட்டேன்.

"அதான் இத கயட்டினு வந்துட்டேன்ல. இனிமே அதுக்கு ஏது?"

மேட்டுத் தெருவில் இருந்த சைக்கிள் கடைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் நம்ம வண்டியில் உட்காராது, செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். செவ்வாய்க்கிழமை வேறொரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அம்மா புது பிரேக் ஒயரும் நான்கு பிரேக் கட்டைகளும் மட்டும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம், "ஏன், மனுசன்தானே மாட்டினான். நம்மளும் மனுசங்கதானே" என்றாள்.

சனிக்கிழமை அப்பாவுக்கும் வேலை, சித்தப்பாவுக்கும் ஷிப்டு. அம்மா சைக்கிளை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து தேதி போட்டேன். எதையும் எழுதிவிட்டுச் செய்கிற பழக்கம் அப்போதே இருந்தது. வீட்டில் அதைக் கேலி செய்வார்கள். ஆனால் பண்டிகைக்குச் சாமான் வாங்கப் போகும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பின்பக்கம் தொல்லை தரவில்லை. முன்பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம். ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையின் தலையில் ஒரே ஒரு துளை. அந்த ஒரே துளை வழியாகத்தான் பிரேக்கின் போல்ட் போக வேண்டும். மட்கார்டின் நாக்கிலும் ஒரு துளை இருந்தது. அதுவும் அங்கேதான் வந்து உட்கார்ந்தது. லைட்டைத் தாங்கும் பட்டையிலும் ஒரு துளை. அதற்கும் அதே இடம்தான். மூன்று பேர் ஒரே நாற்காலிக்கு வந்து நின்ற மாதிரி.

நான் வரிசை எழுதினேன். பிரேக், லைட் பட்டை, கவட்டை, மட்கார்டு நாக்கு, வாஷர், நட்டு. எழுத்தில் அழகாக வந்தது. மாட்டிப் பார்த்தால் போல்ட் பற்றவில்லை. நட்டு இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. கையால் பிரேக்கை நாலு தரம் ஆட்டியதும் கழன்று மண்ணில் விழுந்தது. வாஷரை எடுத்துவிட்டு மாட்டினோம். எட்டு தரம் ஆட்டியதும் விழுந்தது. வரிசையை மாற்றினோம். வரிசை எதுவானாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான் என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று.

எதிர்வீட்டு அத்தை எங்களுக்கு உறவு இல்லை, தெருவுக்கே அத்தை. மீன் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்ற வந்தவள் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "இன்னாமே, ஆத்தாளும் பொண்ணும் ஏரோப்பிளேன் செய்றீங்களா? பறக்கும்போது சொல்லு, நானும் குந்திக்கிறேன்."

"டிக்கெட் தீந்துபோச்சுக்கா" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

சோறு வடிக்கிற நேரமாகிவிட்டது. அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கரண்டியோடு திரும்பி வந்தாள். சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "லைட்டு அங்கதான் இருக்கணும்னு யாரு சொன்னது?"

"பட்டையில ஓட்டை கீதுமா."

"ஓட்டை இருந்தா? எம்மூக்குலயும் ஓட்டை கீது, கம்மல மாட்டறேனா?"

தண்ணீர் மோட்டாரின் குழாயை இறுக்கும் கிளாம்ப் ஒன்று உபரியாகக் கிடந்தது. அதை வைத்து லைட்டை ஹேண்டில்பாரிலேயே கட்டினாள். ஒயர் எட்டியது. துளையில் இப்போது இரண்டு பேர்தான். நட்டு முழுதாக ஏறி, அதற்கு வெளியே போல்டின் மூன்று புரி நீட்டிக்கொண்டு நின்றது. கடைசி இறுக்கை அம்மா என்னிடம் கொடுத்தாள். ஸ்பேனரில் இரண்டு கையையும் வைத்து, ஒரு காலைச் சுவரில் உதைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். அந்த நிமிடத்திலிருந்து அது என் நட்டு ஆகிவிட்டது.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பிரேக்கின் இரண்டு கைகளும் மட்கார்டின் விளிம்பில் உரசின. அம்மா கட்டிங் பிளேயரால் மட்கார்டின் இரு ஓரத்தையும், கொழுக்கட்டைக்கு ஓரம் மடிப்பதுபோல, லேசாக உள்ளே நெளித்தாள். உரசல் நின்றது. தள்ளிக்கொண்டு போய் முன் பிரேக்கை அழுத்தியபோது சக்கரம் பிடித்த பிடியில் பின்பக்கம் தரையை விட்டு எழும்பியது. அத்தை கைதட்டினாள். நான் நோட்டில் மூன்று டிக் போட்டேன். சாயங்காலம் வந்த அப்பா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நாளைக்கிப் பாக்கலாம்" என்றார். அவருடைய அகராதியில் அது பாராட்டு.

இனி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் அப்பாவின் வேலையைச் சொல்ல வேண்டும். கப்பல் ரிப்பேர் செய்யும் கான்ட்ராக்டரிடம் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பவர் அவர். ஆறு நாள் கப்பலின் துருவோடு சண்டை. ஏழாவது நாள் வீட்டுத் துருவோடு. எங்கள் பக்கத்தில் கடற்காற்று இரும்பை விடாது. புது ஆணி அடித்தால் அடுத்த மாதம் சுவரில் சிவப்பாகக் கோடு வடியும். "உப்புக்காத்து வூட்டத் துன்னுகினே கீது, நம்மதான் தொடச்சிகினே இருக்கணும்" என்பார். அதனால் ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் எண்ணெய் வேளை. பழைய எஞ்சின் ஆயில் ஓர் ஊறுகாய் பாட்டிலில் இருக்கும். அதில் முக்கிய துணியோடு ஆளுக்கொரு பங்கு. ஜன்னல் கம்பி அப்பாவுக்கு. கேட்டின் தாழ்ப்பாள், தண்ணீர் டிரம்மின் வளையம், அம்மிக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டியின் கீல், சைக்கிளின் செயின், சைக்கிளின் இரண்டு ரிம், இவை எனக்கு. இதற்கும் பட்டியல் உண்டு. ரிம்முக்கு எண்ணெய் போடுவதை இரண்டு வருடமாக ஒரு வாரம்கூட நான் விட்டதில்லை. குடத்துத் தண்ணீரும் தெருமண்ணும் பட்டு வாரக் கடைசிக்குள் அது போய்விடும். பிரேக் இல்லாத சக்கரத்தில் எண்ணெய் இருந்தால் யாருக்கு என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. அன்று சைக்கிளுக்கு விசேஷ நாள் என்பதால் இரண்டு கோட் அடித்தேன். ரிம் கண்ணாடி மாதிரி மின்னியது. வானமே தெரிந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா தெருமுனைக்குப் போனார். எங்கள் தெரு நேரானது; ஒரு முனையில் எங்கள் வீடு, மறுமுனையில் பெரிய ரோடு. ரோட்டுக்கு முப்பது அடி முன்னால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அப்பா கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சித்தப்பாவும் வந்திருந்தார், தன் பிரேக்கின் பெருமையைப் பார்க்க.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். இத்தனை வருடம் ஓட்டாதவள் மாதிரியே இல்லை, நேற்றுத்தான் இறங்கியவள் மாதிரி போனாள். நான் பக்கத்திலேயே ஓடினேன். பாதித் தெருவில் வேகம் பிடித்தாள். மட்கார்டு ஆடவில்லை. என் நட்டு அசையவில்லை. அப்பாவுக்குப் பத்தடி இருக்கும்போது இரண்டு பிடியையும் அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது என்றால், 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா, "நகுருங்க!" என்று கத்தினாள். நீட்டிய கையோடு அப்பா ஒரு பக்கம் குதித்தார். சைக்கிள் அவரைத் தாண்டிப் பெரிய ரோட்டைப் பார்த்துப் போயிற்று. ஒரு டிரெய்லரின் ஹாரன் கேட்டது. கடைசி வீட்டில் மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் மணல் கொட்டியிருந்தது. அம்மா ஹேண்டிலை ஒடித்து அந்த மணலுக்குள் நேராகப் போய் ஏறினாள். முன்சக்கரம் புதைந்து, சைக்கிள் நின்று, மெதுவாக, அவசரமே இல்லாமல், அவளோடு சாய்ந்தது.

அவளுக்கு அடி இல்லை. எழுந்து உட்கார்ந்து வாயிலிருந்த மணலைத் துப்பினாள். அத்தைதான் முதலில் பேசினாள்: "யம்மாடி, மணலு இல்லன்னா இன்னேரம் எண்ணூர்ல இறங்கியிருப்பா!" தெரு சிரித்தது. சித்தப்பா, "பாரின் பிரேக்குண்ணா, சத்தியமா பாரின்" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அப்பா சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பிடியை அழுத்தினார், ஒயர் இழுத்தது, கட்டை ரிம்மைத் தொட்டது. எல்லாம் சரியாக இருந்தது. பின்சக்கரம் மணலில் பட்டிருக்கவில்லை. அதன் ரிம்மில் சுட்டுவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். விரல் கறுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையில் மின்னிய ரிம், கட்டை, எண்ணெய், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து மண்டைக்குள் விழுந்தன. திங்கட்கிழமையை நானே துடைத்துப் போட்டுவிட்டேன்.

அப்பா விரலை லுங்கியின் உள்மடிப்பில் துடைத்துக்கொண்டார். "புதுக் கட்டை. மேல வழுவழுன்னு கீது. உப்புக்காகிதம் போட்டுத் தேச்சாதான் புடிக்கும்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"கட்டையாவது கிட்டையாவது" என்றாள் அத்தை. "டபாய்க்காத நைனா. நீயே ஏறி ஓட்டிப் பாரேன், இன்னா கோளாறுன்னு தெரிஞ்சிடும்."

அப்பா சைக்கிளின் சீட்டில் கை வைத்தபடி நின்றார். தெரு காத்திருந்தது. மணலில் இருந்த அம்மா சட்டென்று எழுந்து வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு முட்டி வலிக்கா. தேச்சிக் குடுக்கட்டும், நானே இன்னொரு தபா ஓட்றேன்."

இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அப்பாவுக்கு முட்டி வலி கிடையாது. முந்தின நாள்தான் கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணியில் நாலு மணி நேரம் தொங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டேன். முட்டி வலி பொய். அப்படியானால் ஏறாததற்கு வேறு காரணம். வேறு காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்: நான் இறுக்கிய நட்டின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.

அப்பாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதை நான் தெரிந்துகொள்ள இன்னும் எட்டு வருடம் இருந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது சித்தப்பா ஏதோ பேச்சில், உங்கப்பனுக்கு ரெண்டு சக்கரம்னாலே ஆகாது, சின்ன வயசுல ஒரு தபா உழுந்தான், அப்பால ஏறவே இல்ல, என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகுதான் அவர் விரல் மடக்கிய மூன்று நிபந்தனைகளும் வேறு மாதிரி தெரிந்தன. ஓட்டுகிறவர்கள் காற்று, செயின், சீட் உயரம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிரேக்கின் கிறீச், மட்கார்டு இல்லாத சக்கரத்திலிருந்து தெறிக்கும் சேறு, இருட்டில் வரும் வெளிச்சம், இவையெல்லாம் ரோட்டோரம் நடக்கிறவருக்குத் தெரிகிற சங்கதிகள். அதற்குமேல் சைக்கிளைப் பற்றி அவருக்குக் கேட்கத் தெரிந்திருக்காது.

அன்று இதெல்லாம் தெரியாது. அப்பா வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் துணியை நனைத்து இரண்டு ரிம்மையும் துடைத்தார். பிறகு சோப்புத்தூள் போட்டுத் துடைத்தார். பிறகு வேலைக்கு எடுத்துப் போகும் உப்புக்காகிதத்தால் கட்டைகளைத் தேய்த்தார், தெருவுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற. நான் பக்கத்தில் நின்றேன். திட்டுவார் என்று நின்றேன். துணியைப் பிழிந்துகொண்டே, "ரிம்ம இனிமே நானே பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரியாது என்று எனக்கு நிம்மதி. அவளுடைய வெளிர்மஞ்சள் புடவையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு எண்ணெய் இழுத்திருந்ததையும், அதை அவள் யாரிடமும் காட்டாமல் வாளிக்குள் அமுக்கியதையும் பார்த்தேன். பார்த்தும் அதை இதோடு சேர்க்கத் தோன்றவில்லை.

இருட்டுவதற்குள் இரண்டாம் தடவை ஓட்டினாள். அப்பா அதே இடத்தில் நின்றார். இந்த முறை கையை நீட்டவில்லை. ஆனால் நகரவும் இல்லை. முன்சக்கரம் அவர் செருப்பின் நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றது. தெருவில் யாரோ விசில் அடித்தார்கள்.

அப்பா கீழே, காலைப் பார்த்தார். "செருப்பத் தேச்சிட்டியேமே" என்றார்.

"தாண்டிப் போனாலும் குத்தம், தொட்டாலும் குத்தமா?"

"லைட்டு எரியுதா?"

"நிக்கற வண்டில எப்டி எரியும்? டைனமோ சுத்துனாதான் எரியும்" என்று நான் குறுக்கே புகுந்து சொன்னேன்.

"அப்ப சரி" என்றார். நிபந்தனைகள் முடிந்தன.

திங்கட்கிழமை விடியுமுன் எழுந்துவிட்டேன். அம்மா தலை வாரி, பூ வைக்காமல், டிபன் டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு நின்றாள். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அம்மா ஏறி மிதித்ததும் அவரும் பின்னாலேயே, கேரியரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஓட ஆரம்பித்தார். பூட்ஸோ செருப்போ இல்லாமல் ஓடினார். அத்தை வாசல் தெளித்துக்கொண்டே, "இன்னா நைனா, ஓட்டப் பந்தயமா?" என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை.

எனக்குக் கோபம் பொங்கியது. ஓட்டிக் காட்டியாயிற்று. செருப்பைத் தொட்டு நின்றாயிற்று. இன்னும் என் நட்டைச் சந்தேகப்பட்டு, விழுந்தால் பிடிக்கிறேன் என்று ஓடுகிறார்! கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போவதையே பார்த்தேன். அப்போது இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. லைட் சரியாக எரியவில்லை. கொஞ்ச தூரம் பளிச்சென்று எரியும், பிறகு மங்கும், அணைகிற மாதிரி ஆகும், மறுபடி பளிச்சிடும். தெருமுனை வரை இப்படியே போயிற்று. பிறகு இருவரும் பெரிய ரோட்டில் திரும்பிவிட்டார்கள். அப்பா ஏழு மணிக்கு வேர்த்து நனைந்து திரும்பி வந்து, குளித்து, வேலைக்குப் போக ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

நோட்டில் எழுதினேன்: 'லைட் விட்டு விட்டு எரிகிறது. டைனமோ டயரில் சரியாக உரசவில்லை.' அன்று சாயங்காலம் டைனமோவை டயர் பக்கம் கொஞ்சம் நெருக்கி வைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்பா ஓடினார். செவ்வாய்க்கிழமையும் லைட் மங்கி மங்கி எரிந்தது. இன்னும் நெருக்கினேன். புதன்கிழமையும் அப்படியே. ஒயரின் முனையைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன். கிளாம்ப்பை இறுக்கினேன். செய்யாதது எதுவும் இல்லை.

அம்மா வேகமாக மிதித்தபோது வெளிச்சம் பெருகியது என்பதும், கேரியரைப் பிடித்திருந்த கை பின்தங்கும்போதெல்லாம் அவருக்காக மெதுவாக மிதித்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் ஒரு தடவைகூட அவரை நிற்கச் சொல்லவில்லை. அவர் ஒரு தடவைகூட மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அப்பா ஓடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். லைட் தெருமுனை வரை ஒரே சீராக, பளிச்சென்று எரிந்துகொண்டு போயிற்று. நான் நோட்டை எடுத்து, 'டைனமோ சரிசெய்யப்பட்டது' என்று எழுதி, பெரிதாக ஒரு டிக் போட்டுக்கொண்டேன்.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மா அதே எடைமேடையில் மூன்று ஷிப்டுக்கும் பொறுப்பாளராக இருக்கிறாள்; ஸ்கூட்டியில் போய் வருகிறாள். அப்பா ஸ்டேஷனுக்கு நடந்துதான் போகிறார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது எனக்குத் தெரியும் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.